டச்சுக்காரரா, ஒல்லாந்தரா? கையேட்டில் தொடங்கிய சண்டை

மணற்கேணி:
வணக்கம். சின்னச் சிக்கல்தான், ஆனால் மூன்று நாளாக அதிலேயே நிற்கிறேன். சோழமண்டலக் கரையில் இருக்கும் பழைய ஐரோப்பியர் கோட்டைகளைப் பற்றி ஒரு சின்னக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழவேற்காட்டில் தொடங்கி சதுரங்கப்பட்டினம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வரை போகிறது. எல்லா இடத்திலும் 'டச்சுக்காரர்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் ஒன்று விடாமல் சிவப்பு மையால் அடித்து 'ஒல்லாந்தர்' ஆக்கிவிட்டார். 'டச்சு ஆங்கிலச் சொல், ஒல்லாந்தர்தான் நம் சொல்' என்கிறார். பக்கம் கோத்துக்கொண்டிருந்த பையனோ 'ஒல்லாந்தர்னா யாரு சார், ஒல்லியா இருக்கிறவங்களா?' என்று கேட்கிறான். இரண்டு பேரும் சொல்வது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் தொல்லை.

எது சரி? அதோடு இன்னொன்று: நாட்டின் பெயர் நெதர்லாந்து, பழக்கத்தில் ஹாலந்து. இரண்டிலும் 'டச்சு' என்ற ஒலியே இல்லையே, அது எங்கிருந்து வந்தது?

வம்புக்காரன்:
நெதர்லாந்தியர் என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

யாழ்வாசகி:
இதில் என்ன குழப்பம் அண்ணை? இலங்கையில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்ததே போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் என்றுதான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் ஒல்லாந்தர். 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுக்க வைத்ததும் அவர்கள்தான். இங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் ஒல்லாந்தர் என்றால் தெரியும். தமிழ்நாட்டில் நீங்கள்தான் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு டச்சுக்காரர் என்கிறீர்கள். பெரியவர் சொன்னதில் பிழையில்லை.

வம்புக்காரன்:
பிழையில்லை, சரி. ஆனால் உங்கள் நாட்டுச் சட்டத்தை மட்டும் 'உரோமன் டச்சுச் சட்டம்' என்கிறீர்களே, அங்கே ஏன் 'உரோமன் ஒல்லாந்துச் சட்டம்' இல்லை?

யாழ்வாசகி:
அது ஆங்கில நீதிமன்றத்தில் இருந்து வந்த பெயர், மக்கள் வைத்ததில்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன்.

சொல்தேடி:
இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் சுவை இருக்கிறது.

'டச்சு' என்பது எந்த ஊரின் பெயரும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. அதன் வேர் பழைய ஜெர்மானிய மொழிகளில் 'மக்கள், குடி' என்ற பொருளில் இருந்த ஒரு சொல். பழைய ஆங்கிலத்தில் அது 'தேயொத்'. அதோடு ஆங்கிலத்தில் இன்று நாம் பார்க்கும் 'இஷ்' விகுதியின் பழைய வடிவம் சேர்ந்தால் 'மக்களுடைய' என்று பொருள். யாருக்கு எதிராக 'மக்களுடைய'? லத்தீனுக்கு எதிராக. சபையிலும் சாசனத்திலும் லத்தீன், வீட்டிலும் சந்தையிலும் 'மக்கள் மொழி'. அந்த மக்கள் மொழியை லத்தீனில் எழுதியவர்கள் 'தெயோதிஸ்குஸ்' என்று குறித்தார்கள்.

இப்போது வேடிக்கை. இந்தச் சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 786ஆம் ஆண்டு. ஓஸ்தியாவின் ஆயர் ஜார்ஜ் என்பவர் போப்பாண்டவருக்கு எழுதிய கடிதம். இங்கிலாந்தில் கூடிய திருச்சபைக் கூட்டத்தின் தீர்மானங்களை எல்லோருக்கும் புரியும்படி லத்தீனிலும் 'தெயோதிஸ்'கிலும் வாசித்ததாக எழுதுகிறார். இங்கிலாந்தில் எல்லோருக்கும் புரிந்த மக்கள் மொழி எது? பழைய ஆங்கிலம்தானே! அதாவது பின்னால் 'டச்சு' ஆகப்போகிற சொல் முதன்முதலில் நமக்குக் கண்ணில் படும்போது ஆங்கிலத்தைத்தான் குறிக்கிறது. மற்றவனுக்கு வைத்த பட்டப்பெயர் முதலில் தன் பெயராகவே இருந்திருக்கிறது.

அதே வேர் ஜெர்மானியர் வாயில் 'டாய்ச்' ஆகி இன்று அவர்களுடைய சொந்தப் பெயராகவே நிற்கிறது, இத்தாலியர் வாயில் 'தெதெஸ்கோ' ஆகி ஜெர்மானியரைக் குறிக்கிறது, தாழ்நாட்டு வழக்கில் 'டீட்ஸ்', 'டௌட்ஸ்' என்று இரண்டு வடிவமாகப் பிரிந்தது. ஆங்கிலேயர் இதைக் கடல் தாண்டி இருந்த அக்கம்பக்கத்தாரிடமிருந்து எடுத்து, அந்தப் பக்கம் இருந்த எல்லோருக்கும் பொதுப்பெயராக வைத்தார்கள். மலைப்பக்கத்து ஜெர்மானியர் 'உயர் டச்சு', கடலோரச் சமவெளிக்காரர் 'தாழ் டச்சு'. பிறகு 17ஆம் நூற்றாண்டில் தினமும் வியாபாரத்திலும் சண்டையிலும் மோதிக்கொண்டது கடலோரத்தாருடன்தான். அவர்களும் தனி நாடாகிவிட்டார்கள், 1648இல் ஸ்பெயினே ஏற்றுக்கொண்டது. அப்போது 'டச்சு' சுருங்கி அவர்களோடு ஒட்டிக்கொண்டது. மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் 'ஜெர்மன்' என்ற வேறு சொல் வந்தது.

மணற்கேணி:
ஓ, அப்படியானால் அமெரிக்காவில் 'பென்சில்வேனியா டச்சு' என்கிறார்களே, அது?

சொல்தேடி:
அவர்கள் நெதர்லாந்துக்காரர்களே இல்லை. ஜெர்மன் பேசும் பகுதிகளிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். சொல் சுருங்குவதற்கு முந்தைய பொருள் அந்தப் பெயரில் உறைந்து நிற்கிறது. அடுத்த முறை யாராவது 'டச்சு என்றால் ஹாலந்துக்காரர்' என்று அடித்துப் பேசினால் இதைக் காட்டலாம்.

தட்டைநாட்டுத்_தமிழன்:
பதினோரு வருடமாக நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் இருக்கிறேன், இந்தச் சண்டையை இங்கே தேநீர் இடைவேளையில் வாரம் ஒரு தடவை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'நேடர்லாண்டர்'. மொழி 'நேடர்லாண்ட்ஸ்'. பொருள் வெளிப்படை, தாழ்ந்த நிலம். நாட்டில் கால்பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, அதனால் யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. 'டச்சு' என்று இவர்கள் மொழியில் இவர்களுக்குப் பெயரே கிடையாது. சொல்தேடி சொன்ன 'டௌட்ஸ்' இன்று இங்கே ஜெர்மானியரை மட்டும்தான் குறிக்கும். வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது 'டௌட்ஸ்' என்ற கட்டத்தைப் பார்த்து, ஒலி ஒத்துப்போகிறதே என்று அதில் குறியிட்டுவிட்டேன். பிறகு மூன்று மாதம் எனக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் வந்துகொண்டிருந்தது.

ஆனால் பழைய காலத்தில் இவர்களும் தங்கள் மொழியை 'நேடர்டௌட்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாழ்நாட்டு டச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டு வரையிலும் அந்தப் பெயர் புழங்கியது. இவர்கள் நாட்டுப்பண்ணிலேயே அந்தச் சிக்கல் உட்கார்ந்திருக்கிறது: ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தன் வாயால் சொல்வதுபோல வரும் பாட்டு, அதில் இரண்டாம் வரியில் அவர் தன்னை 'டௌட்ஸ் ரத்தம்' என்கிறார். இன்றைய காதுக்கு 'நான் ஜெர்மன் ரத்தம்' என்று கேட்கும். ஜெர்மனியோடு கால்பந்து ஆடும்போது பதினோரு பேரும் வரிசையில் நின்று இதைப் பாடுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. வரலாற்றுக்காரர்கள் அங்கே அது 'நம் மண்ணின் மக்கள்' என்ற பழைய பொருளில் வருகிறது என்கிறார்கள், வேறு சிலர் அவர் பிறந்ததே ஜெர்மனியின் டில்லன்பர்க்கில்தானே, நேர்ப்பொருளே சரி என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அந்தக் கோடே இல்லை.

அடுத்து 'ஹாலந்து'. இங்கேதான் பெரியவரின் ஒல்லாந்தருக்குச் சிக்கல். ஹாலந்து என்பது முழு நாடு அல்ல. மொத்தம் பன்னிரண்டு மாகாணம், அதில் வட ஹாலந்து, தென் ஹாலந்து என்று இரண்டுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஒரே மாகாணமாக இருந்ததை 1840இல் இரண்டாக்கினார்கள். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக் எல்லாம் அதற்குள் வந்துவிடுவதால் வெளியே உள்ளவர்களுக்கு அதுவே நாடாகிவிட்டது. நான் இருக்கும் உத்ரெக்ட் ஹாலந்தில் இல்லை. தெற்கே மாஸ்ட்ரிக்டில் போய் 'நீங்கள் ஹாலந்துக்காரர்தானே' என்று கேட்டால், நாகர்கோவில்காரரை டெல்லியில் 'மதராசி' என்று கூப்பிட்டால் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போகும். அரசே 2020 ஜனவரியிலிருந்து விளம்பரங்களில் ஹாலந்து என்ற பெயரைக் கைவிட்டு நெதர்லாந்து என்றே போடுகிறது.

வம்புக்காரன்:
நான்தான் முதலிலேயே நெதர்லாந்தியர் என்று சொன்னேன்.

தட்டைநாட்டுத்_தமிழன்:
சொன்னீர்கள், ஆனால் 17ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்கு அது பொருந்தாது. அப்போது இருந்தது ஏழு மாகாணங்களின் ஒன்றியம். பெல்ஜியப் பகுதிகளும் 'தாழ்ந்த நாடுகள்' என்ற பெயருக்குள் வரும், அவை ஸ்பெயின் கையில் இருந்தன. நெதர்லாந்தியர் என்று எழுதினால் இன்றைய கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் கோட்டை கட்டினார்கள் என்பதுபோல ஒரு தொனி வந்துவிடும்.

பாலக்காட்டான்:
ஹாலந்து என்றால் 'குழிந்த நிலம்' என்று படித்த ஞாபகம். தாழ்ந்த நிலம், குழிந்த நிலம், இரண்டும் ஒன்றுதானே?

சொல்தேடி:
எல்லோரும் விழும் குழி அது. 'ஹோல்' என்றால் அவர்கள் மொழியில் உள்ளே வெறுமையானது, அதனால் இப்படி ஒரு விளக்கம் பரவிவிட்டது. ஆனால் பழைய வடிவம் 'ஹோல்ட்லாண்ட்'. 'ஹோல்ட்' என்றால் மரம், காடு. ஜெர்மனில் இன்றும் மரத்துக்கு 'ஹோல்ஸ்' என்பார்கள், டச்சில் லகரம் தேய்ந்து 'ஹவுட்' ஆகிவிட்டது. ஆக, மரம் அடர்ந்த நிலம். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் மரத்தைத் தேட வேண்டும், பெயர் மட்டும் காடாக இருக்கிறது. நம் ஊரில் ஏரி இல்லாத ஏரிக்கரைத் தெருக்கள் இல்லையா, அப்படி.

பாலக்காட்டான்:
சரி, திருத்திக்கொண்டேன். மலையாளத்தில் 'லந்தக்காரர்' என்போம். கொச்சிப் பக்கம் பழைய ஆட்கள் பேச்சில் கேட்கலாம். ஒல்லாந்து தலை போய் லந்தா ஆகிவிட்டது.

கிள்ளான்_வாசி:
மலேசியாவிலிருந்து. இங்கே மலாயில் 'பெலாண்டா'. ஒல்லாந்தாவும் பெலாண்டாவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதே என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பெலாண்டா என்ற அடைமொழி வேடிக்கையான இடங்களிலெல்லாம் வரும். முள்சீத்தாப் பழத்துக்கு 'டுரியான் பெலாண்டா', அதாவது ஒல்லாந்துத் துரியன். போர்னியோவில் நீண்ட மூக்கும் தொப்பையுமாக ஒரு குரங்கு இருக்கிறதல்லவா, அதற்கு 'மோன்யெட் பெலாண்டா'. சிவந்த முகமும் பெரிய மூக்குமாக வந்து இறங்கிய கனவான்களைப் பார்த்து யாரோ வைத்த பெயர், யாரைக் கிண்டல் செய்தார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். வான்கோழிக்கு 'ஆயாம் பெலாண்டா', ஒல்லாந்துக் கோழி.

தட்டைநாட்டுத்_தமிழன்:
அய்யோ, வான்கோழியா! இங்கே இவர்கள் அதை 'கால்கூன்' என்கிறார்கள். அது கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த சொல், 'கள்ளிக்கோட்டைக் கோழி' என்பதன் சுருக்கம். பறவை அமெரிக்காவைச் சேர்ந்தது, இவர்கள் அது இந்தியாவிலிருந்து வந்ததாக நினைத்து மலபார்க் கரையின் பெயரை வைத்தார்கள். மலாய்க்காரர் அதை இவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் துருக்கியர் தலையில் கட்டினார்கள். யாரும் அந்தக் கோழியைத் தன் ஊர்க்கோழி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பாலக்காட்டான்:
கள்ளிக்கோட்டையில் நாங்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டோம்.

நெறியாளர்:
கோழியை விட்டுவிட்டுச் சொல்லுக்கு வாருங்கள்.

சொல்தேடி:
வருகிறேன். கிள்ளான்காரர் சொன்ன அண்ணன் தம்பி கதை முக்கியமானது. இந்தப் பெயர்களெல்லாம் நேரே டச்சுக்காரர் வாயிலிருந்து வந்தவை அல்ல என்று நினைக்கிறேன். அவர்கள் வருவதற்கு நூறு வருடம் முன்பே போர்த்துக்கேயர் ஆசியக் கடற்கரை முழுக்க இருந்தார்கள். துறைமுகப் பேச்சே பாதி போர்த்துக்கேய மொழிதான். அவர்கள் வாயில் ஹாலந்து 'ஒலாந்தா', ஹகரம் ஒலிக்காது, கடைசியில் ஆகாரம். புதிதாக ஒரு கூட்டம் கப்பலில் வரும்போது 'இவர்கள் யார்?' என்று உள்ளூர்க்காரர் கேட்டது ஏற்கெனவே இருந்த போர்த்துக்கேயரிடம். எதிரியிடம் கேட்டு எழுதிக்கொண்ட பெயர். மலாய் பெலாண்டா, ஜப்பானியர் சொல்லும் 'ஒரண்டா', நம் பழைய வழக்கில் வரும் ஒலாந்தா, உலாந்தா, பாலக்காட்டாரின் லந்தா எல்லாம் அந்த வகை.

யாழ்வாசகி:
ஒரு நிமிடம். ஹகரம் விழுந்ததைப் போர்த்துக்கேயருக்குச் சான்றாகக் காட்ட முடியாது. தமிழர் வாயில் ஹகரம் எப்படியும் விழும். அனுமான் யார், அரி யார்? எங்கள் 'கக்கூசு' நேரடியாக டச்சிலிருந்து வந்தது, அங்கேயும் அவர்கள் சொல்லும் 'ஹௌஸ்' நம்மிடம் ஹகரம் போய் 'கூசு' ஆகிவிட்டது.

சொல்தேடி:
நல்ல அடி, வாங்கிக்கொண்டேன். தமிழுக்கு ஹகரம் சான்றாகாது. ஆனால் கடைசி ஆகாரம்? 'ஒலாந்தா', 'உலாந்தா'. டச்சில் 'ஹோலண்ட்', ஆங்கிலத்தில் 'ஹாலண்ட்', இரண்டிலும் ஆகாரம் இல்லை. மெய்யில் முடியும் அயல்சொல்லுக்குத் தமிழ் உகரம்தான் போடும், இங்கிலாந்து, போலந்து மாதிரி. ஆகாரம் வந்தால் அது யாரோ கொடுத்து வந்தது. 'ஒல்லாந்து' என்ற உகர வடிவம் பிறகு இங்கிலாந்தோடு சேர்ந்து நேரானதாக இருக்கலாம்.

இன்னொரு வரிசையும் இருக்கிறது, அது இதைவிட அழகு. வங்காளியில் 'ஒலொந்தாஜ்', பழைய மராத்தியில் 'வலந்தேஜ்', சிங்களத்தில் 'லந்தேசி'. இவற்றில் வால் வேறு. போர்த்துக்கேய மொழியில் நாடு ஒலாந்தா என்றால் அந்த நாட்டு ஆள் 'ஒலாந்தேஸ்'. இவர்கள் ஆளின் பெயரை எடுத்திருக்கிறார்கள், நாமும் மலையாளிகளும் மலாய்க்காரரும் நாட்டின் பெயரை எடுத்து 'காரர்', 'அர்', ஆள் என்று பொருள்படும் மலாய் 'ஓராங்' என்று நம் விகுதியையும் சொல்லையும் சேர்த்துக்கொண்டோம்.

யாழ்வாசகி:
சிங்களத்தில் 'லன்சி' என்றும் ஒன்று உண்டு. அது இங்கே தங்கிவிட்ட பரங்கியரைக் குறிக்கும். கொழும்பில் ஒல்லாந்துக் குடும்பப் பெயரோடு இருப்பவர்கள். தமிழில் அவர்களைப் பறங்கியர் என்போம். அதுவோ 'பிராங்க்' என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபி, பாரசீகம் வழியாக வந்தது, முதலில் போர்த்துக்கேயருக்கு வைத்தது. ஆக டச்சுக்காரர் போர்த்துக்கேயரை விரட்டிவிட்டு அவர்களுடைய பட்டப்பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள்!

(மேலே முதல் தடவை 'பரங்கியர்' என்று தட்டிவிட்டேன், பெரிய றகரம்தான் வழக்கு.)

கிள்ளான்_வாசி:
இங்கே சீனர்கள் வெள்ளைக்காரரை 'ஆங் மோ' என்பார்கள், செம்மயிர் என்று பொருள். அதுவும் டச்சுக்காரரோடு தொடர்புடையதா?

சொல்தேடி:
ஆம், மிங் காலச் சீனர்கள் டச்சுக்காரரைச் 'செம்மயிர்க் காட்டான்' என்ற பொருளில்தான் குறித்தார்கள். போர்த்துக்கேயருக்கும் ஸ்பானியருக்கும் கறுத்த முடி, இவர்கள் வித்தியாசமாகத் தெரிந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்ததும் அவர்களுக்கும் அதே பெயர். தைவானில் தம்சுயி என்ற ஊரில் டச்சுக்காரர் 1644இல் கட்டிய கோட்டை இன்றைக்கும் 'செம்மயிர்க் கோட்டை'தான்.

வம்புக்காரன்:
இவ்வளவு பேர் இவர்களைக் கிண்டல் செய்திருக்கிறார்கள், ஆங்கிலேயர் மட்டும் சும்மாவா இருந்தார்கள்? 'கோ டச்சு' என்று ஓட்டலில் பில்லைப் பிரிக்கிறோமே.

தட்டைநாட்டுத்_தமிழன்:
1652இலிருந்து 1674க்குள் மூன்று கடற்போர், 1780இல் நான்காவது. அப்படி அடித்துக்கொண்டவர்கள் வாயில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் நல்லபடியாக வருமா? குடித்துவிட்டு வரும் வீரம் 'டச்சு வீரம்', புரியாத பேச்சு 'இரட்டை டச்சு', உறவே இல்லாமல் புத்தி சொல்பவர் 'டச்சு மாமா'. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்கு அது வேறு யாரோ ஒருவர் பெயர் மாதிரிதான். பில் பிரிப்பதைத் துருக்கியர் 'ஜெர்மன் முறை' என்கிறார்கள், சொல்தேடி சொன்ன வேரை நினைத்துக்கொண்டால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடுகிறது.

இவர்களுக்கு உறைக்கும் பெயர் என்றால் 'காஸ்கோப்'. பாலாடைக்கட்டித் தலையன். பெல்ஜியக்காரர் சொன்னால் வசவு, தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் பெருமை. நான் குடியுரிமை வாங்கிய அன்று உடன் வேலை செய்பவர்கள் ஒரு முழு வட்டக் கட்டியைப் பரிசாகக் கொடுத்து 'இனி நீயும் காஸ்கோப்' என்றார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள்: அந்தக் காலத்துக் குடியானவர்கள் கட்டி வார்க்கும் மர அச்சைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சண்டைக்குப் போனார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. 'கோப்' என்றால் தலை, காலையும் மதியமும் ரொட்டியில் கட்டியை வைத்துத் தின்பவனைப் பக்கத்து நாட்டான் கட்டித் தலையன் என்று கூப்பிட மர அச்சு தேவையா என்ன. நம்மைச் சாம்பார் என்று கூப்பிடுகிறவர்கள் எந்த வரலாற்றைப் படித்தார்கள்?

சொல்தேடி:
இங்கே ஒரு சேர்க்கை. அமெரிக்கரைக் குறிக்கும் 'யாங்கி' என்ற சொல்லும் 'யான் காஸ்' என்ற டச்சுக் கிண்டல் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி உண்டு. யான் என்பது நம் ஊர் முனியாண்டி மாதிரி பொதுப்பெயர். 'யான்கே', அதாவது சின்ன யான், என்று இன்னொரு கட்சி. நியூயார்க் 1664 வரை நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்ததால் டச்சுத் தொடர்புக்கு இடமிருக்கிறது, ஆனால் வழக்கு இன்னும் தீரவில்லை. யாராவது தீர்ந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

மணற்கேணி:
எல்லோருக்கும் நன்றி, ஆனால் என் கையேடு இன்னும் அப்படியே கிடக்கிறது. டச்சு என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர், ஒல்லாந்தர் போர்த்துக்கேயர் வழியாக வந்த பெயர். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இரண்டும் இல்லை. ஆக 'நம் சொல்' என்று பெரியவர் சொன்னது?

யாழ்வாசகி:
முந்நூறு வருடத்துக்கு மேலாக நம் வாயில் புழங்கி, நம் ஒலிக்கு மாறி, நம் விகுதி ஏறியிருக்கிறது. இதைவிட ஒரு சொல் எப்படி நம் சொல்லாவது? 'துட்டு' யாருடைய சொல்? டச்சுக்காரரின் 'டௌட்' என்ற செப்புக் காசு. அதைச் சொல்லும்போது யாராவது ஹாலந்தை நினைக்கிறார்களா? டச்சு என்ற சொல்லை நம் தாத்தாக்கள் கேட்டது ஆங்கிலப் பாடப்புத்தகத்தில். ஒல்லாந்தரைக் கேட்டது துறைமுகத்தில். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கிள்ளான்_வாசி:
எங்களுக்கு மலாயில் பணம் என்றாலே 'டூயிட்', அதே காசுதான். நெறியாளர் மன்னிக்கவும்.

தட்டைநாட்டுத்_தமிழன்:
யாழ்வாசகி சொல்வது உணர்வுக்குச் சரி, நான் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பழவேற்காட்டில் கோட்டையின் பெயர் என்ன? கெல்டிரியா. 1613இல் எழுந்தது. கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது, அங்கே பொறுப்பில் இருந்த வெம்மர் வான் பெர்கெம் அந்த மாகாணத்துக்காரர், அதனால் வைத்தார். கெல்டர்லாந்து ஹாலந்தில் இல்லை! தன் ஊர்ப்பெயரைக் கோட்டைக்கே வைத்த மனிதரை ஒல்லாந்தர் என்று எழுதினால் கல்லறையில் புரள மாட்டாரா?

யாழ்வாசகி:
கோட்டை கட்டிய ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைச் சபைகள் இருந்தன அண்ணை. ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன், இந்த ஐந்தும் ஹாலந்து. ஒன்று மட்டும் சேலாந்து மாகாணத்து மிடில்பர்க். பணமும் கப்பலும் பெரும்பாலும் ஹாலந்திலிருந்து வந்தபோது கரையில் நின்று பார்த்தவன் ஹாலந்துக்காரன் என்றதில் என்ன தவறு? அவனுக்குக் கெல்டர்லாந்து எதற்கு?

சொல்தேடி:
கப்பலில் வந்தவர்களைப் பார்த்தால் இன்னும் சிக்கல். கம்பெனியின் படைவீரர்களிலும் மாலுமிகளிலும் ஜெர்மன் பகுதிகளிலிருந்தும் வட ஐரோப்பாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பழைய ஆங்கிலப் பொருளில் 'டச்சு' என்று சொல்லலாம், ஒல்லாந்தர் என்று சொல்ல முடியாது. ஆங்கிலேயர் சொல் வலை பெரிது, நம் சொல் வலை சின்னது. மீன் இரண்டிலும் கொஞ்சம் வெளியே துள்ளுகிறது.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டு வாசகருக்கு என்றால் டச்சுக்காரர் என்றே எழுதிவிட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஒல்லாந்தர் என்ற பழைய பெயரை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

யாழ்வாசகி:
நான் தலைகீழாகச் செய்வேன். ஒல்லாந்தர் என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் டச்சுக்காரரைச் சொல்வேன். பையனுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லை விட்டால் அடுத்த பையனுக்கும் தெரியாது.

வம்புக்காரன்:
ஒல்லியாக இருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகட்டும், குடியா முழுகிவிடும்?

மணற்கேணி:
நேற்று மாலை பெரியவரைப் போய்ப் பார்த்தேன். இந்த இழை முழுவதையும் தாளில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வான்கோழியைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தார். கெல்டர்லாந்தைப் படித்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் பேசி முடித்தது இது: தலைப்பிலும் கதை சொல்லும் இடங்களிலும் ஒல்லாந்தர், கோட்டை, கல்லறைத் தோட்டம் என்று இடப்பெயரோடு வரும்போது டச்சு. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், அதைத் தேடி வரும் சுற்றுலாப் பயணி யாரும் 'ஒல்லாந்தர் கல்லறை எங்கே' என்று ஆட்டோக்காரரைக் கேட்கப் போவதில்லை என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார். முதல் பக்கத்தில் யாழ்வாசகி சொன்னபடி ஒரு பத்தி, அதில் கெல்டிரியா என்ற பெயரின் கதையும் வருகிறது. பையனுக்கும் வாசித்துக் காட்டினேன், 'அப்போ ஒல்லிப் பசங்க இல்லையா' என்று கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் இருந்தான்.

தட்டைநாட்டுத்_தமிழன்:
மகிழ்ச்சி. பட்டியலில் தரங்கம்பாடியும் இருந்ததே, அங்கே என்ன எழுதினீர்கள்?

மணற்கேணி:
'டச்சுக் கோட்டை' என்று இருந்தது, புது விதிப்படி அப்படியே விட்டேன். ஏன்?

தட்டைநாட்டுத்_தமிழன்:
அது டேனிஷ் கோட்டை! டான்ஸ்போர்க், 1620இல் டென்மார்க்காரர் கட்டியது, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நெதர்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மணற்கேணி:
ஆங்கில மூலத்தைத் திறந்து பார்த்தேன். 'டேனிஷ்' என்றுதான் இருக்கிறது. டகரத்தைப் பார்த்ததும் கை தானாக டச்சு என்று எழுதியிருக்கிறது, பெரியவரும் அதை அடித்து ஒல்லாந்தர் ஆக்கியிருக்கிறார், நானும் திரும்ப டச்சாக்கியிருக்கிறேன். அச்சகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.